வெட்டவெளியில் நண்பரின் திருமணம்: விருந்தினராகப் போகிறவர் அறிய வேண்டியவை

நெருங்கிய நண்பர் ஒருவர், தம் திருமணம் மண்டபத்தில் நடக்கப்போவதில்லை, ஏரிக்கரையிலோ மலைச்சரிவிலோ காட்டை ஒட்டிய புல்வெளியிலோ நடக்கும் என்றும், வழக்கமான சடங்குகள் எதுவும் இருக்காது என்றும் சொல்லும்போது, நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருவது ‘ஏன் இப்படி?’ என்ற கேள்விதான். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்காமல் இருப்பதே இத்தகைய திருமணத்துக்கு நாம் செய்யக்கூடிய முதல் ஆயத்தம் என்று கருதுகிறேன். அந்த முடிவுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் இருவரும் வீட்டிலும் உறவிலும் வேலை செய்யும் இடத்திலும் அதே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லி ஓய்ந்துபோயிருப்பார்கள். சட்டப்படியான பதிவை வேறொரு நாளில் வேறோர் இடத்தில் முடித்துவிட்டு, உற்றாரின் முன்னிலையில் உறுதிமொழி சொல்வதை மட்டும் வெளியில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் ‘அப்படியானால் உண்மையான கல்யாணம் எது?’ என்று கேட்பது, கேட்பவருக்கு விளையாட்டாக இருந்தாலும் கேட்கப்படுபவருக்கு வலிக்கும்.

மண்டபத்தில் நிழல், தண்ணீர், இருக்கை, வெளிச்சம், கழிப்பறை ஆகிய அனைத்தையும் கட்டடமே பார்த்துக்கொள்கிறது. வெட்டவெளியில் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு விருந்தினரின் கைக்கு வந்துவிடுகிறது. காலில் கொப்புளத்தோடும் தலைவலியோடும் உட்கார்ந்திருப்பவர், நண்பர் உறுதிமொழி சொல்லும் நேரத்தில் உடலால் மட்டுமே அங்கே இருப்பார். ஆகவே கீழே சொல்லப்படும் சின்னச் சின்ன முன்னேற்பாடுகள் எல்லாம், அந்த ஒரு மணி நேரம் உங்கள் கவனம் சிதறாமல் அவர்கள்மேல் இருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகத்தான்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சந்தேகங்களைத் தினமும் ஒவ்வொன்றாக அனுப்பாமல், ஒரே தடவையில் கேட்டு முடித்துவிடுங்கள்; முடிந்தவரை மணமக்களை விட்டுவிட்டு, ஏற்பாடுகளைக் கவனிக்கிறவர் யாரென்று அறிந்து அவரிடம் கேளுங்கள். வண்டி எதுவரை போகும், அதற்கு மேல் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், தரை புல்லா மணலா சரளைக் கல்லா, உட்கார நாற்காலி உண்டா அல்லது தரையில் விரிப்பா, கழிப்பறை எங்கே, குடிநீர் அங்கேயே கிடைக்குமா, மழை வந்தால் மாற்று இடம் எது, இரவு தங்க வேண்டியிருக்குமா என்பவை கேட்க வேண்டியவை. மருந்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டியவர்களும் குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாதவர்களும் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. அங்கே போன பிறகு சொன்னால், பக்கத்தில் ஒரு கடைகூட இல்லாத இடத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அழைப்பில் பெயர் இல்லாத எவரையும், குழந்தைகளாக இருந்தாலும் வளர்ப்புப் பிராணியாக இருந்தாலும், கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். வனப்பகுதியிலும் பூங்காவிலும் கடற்கரையிலும் கூட்டம் கூட அனுமதி தரும்போது, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது பல இடங்களில் வழக்கம். மண்டபத்தில் கூடுதலாக இருவர் வந்தால் இரண்டு நாற்காலி போட்டால் முடிந்தது. இங்கே அனுமதிச் சீட்டுக்கே சிக்கல் வரலாம்.

வழி தெரிந்துகொள்வதிலும் கவனம் தேவை. இத்தகைய இடங்களுக்குக் கதவு எண்ணோ தெருப்பெயரோ இருக்காது என்பதால், வரைபடத்தில் குறித்த இடத்தை அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே கைபேசியில் இறக்கி வைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடம் மட்டும் முன்னரே கைபேசியில் இருக்க வேண்டும். கடைசிக் கொஞ்ச தூரம்தான் எப்போதும் குழப்பும், மண்பாதை பிரியும் இடங்களில் பலகை இருக்காது. ஆகவே வழக்கமாகக் கிளம்புவதைவிட அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். வரிசைகளுக்கு நடுவே கதவும் சுவரும் இல்லாத இடத்தில் தாமதமாக வருகிறவரை எல்லோருமே திரும்பிப் பார்ப்பார்கள், உறுதிமொழி சொல்லிக்கொண்டிருப்பவர் உட்பட.

வெயில், குளிர், மழை, இடி

வானிலையை ஒரு வாரத்துக்கு முன் பார்ப்பது பொதுவான போக்கை அறிய உதவும். முடிவெடுக்க வேண்டியது இரண்டு நாள் முன்பும் அன்று காலையிலும் பார்க்கும் முன்னறிவிப்பை வைத்துத்தான். இடம் மலையில் இருந்தால், அடிவாரத்து ஊரின் வெப்பநிலையைப் பார்த்து உடை எடுத்து வைக்காதீர்கள். ஒவ்வோர் 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வெயில் சாய்ந்த பிறகு இந்த வேறுபாடு இன்னும் உறைக்கும். அதே மலையில் புறஊதாக் கதிர் மட்டும் 1000 மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் சுடுவது தெரியாமல் போய், மாலையில் கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் முகம் சிவந்திருப்பது தெரியும்.

எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை, கிளம்பும் அவசரத்தில் இரண்டு விரலால் தொட்டுப் பூசாமல், வெயிலில் நிற்பதற்கு 15 நிமிடங்களுக்கு முன்பே தாராளமாகப் பூசிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுகிற இடங்கள் காதுமடல், பிடரி, பாதத்தின் மேற்புறம் ஆகியவை. வரிசையில் உட்கார்ந்து முன்னோக்கிப் பார்க்கிறவரின் பிடரியில்தான் நேரம் முழுவதும் வெயில் விழக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கடற்கரையில் தலைக்கு மேல் கூரை இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, உலர்ந்த மணல் புறஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. கொசு விரட்டியும் பூசுவதாக இருந்தால் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் கொசு விரட்டி என்ற வரிசையைப் பின்பற்றுங்கள். குடை பிடிப்பதும் அகன்ற தொப்பி அணிவதும் பின்வரிசைக்கு மறைக்கும் என்பதால், அவை வேண்டும் என்கிறவர்கள் ஓரத்திலோ கடைசி வரிசையிலோ இடம் பிடிப்பது பண்பு.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். கழிப்பறை தொலைவில் இருக்கிறதே என்று தண்ணீரைத் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மிகத் தவறான சிக்கனம். பக்கத்தில் இருப்பவருக்குத் தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, சோர்வு ஆகியவை தெரிந்தால் உடனே நிழலுக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சுக் குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறுவது, மயங்கி விழுவது ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடிய அந்த நிலையில், மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, அது வந்து சேரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இடியைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். இடியோசை காதில் விழுகிறது என்றாலே, மின்னல் தாக்கக்கூடிய தொலைவில் நாம் இருக்கிறோம் என்று பொருள்; தலைக்கு மேல் மழை பெய்யாவிட்டாலும் இது மாறாது. துணிப்பந்தலும் கூடாரமும் தனி மரமும் மழையைத் தடுக்குமே தவிர மின்னலைத் தடுக்கா. சுவரும் கூரையும் உள்ள கட்டடம், அது இல்லாவிட்டால் கண்ணாடிகளை ஏற்றி மூடிய, உலோகக் கூரை உள்ள கார் ஆகியவையே பாதுகாப்பு. கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடங்கள் கழியும் வரை வெளியே வரக் கூடாது. பல மாதங்களாகத் திட்டமிட்ட நிகழ்வை நிறுத்துவதற்கு மணமக்களுக்கு மனம் வராது, மற்ற விருந்தினர்கள் ‘நாம் எப்படிச் சொல்வது’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த இடத்தில் எழுந்து போய், ‘இப்போது எல்லோரும் உள்ளே போகலாம், அரை மணி கழித்துத் தொடரலாம்’ என்று சொல்லும் உரிமை நெருங்கிய நண்பருக்கு இருக்கிறது. அந்த உரிமையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் நடக்கும் திருமணமாக இருந்தால் ஓதம் ஏறி இறங்கும் நேரத்தையும் பார்த்து வைப்பது உதவும். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இருமுறை கடல் ஏறும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்துக்கு முன் போய் இடம் பார்த்து வந்தவர்கள், அன்று அதே நேரத்தில் கண்ட அகலமான மணல்வெளி திருமண நாளிலும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடுவது உண்டு.

உடையும் காலணியும்

உடை பற்றி மணமக்கள் ஏதேனும் சொல்லியிருந்தால், அது எவ்வளவு விநோதமாகத் தோன்றினாலும் அப்படியே செய்யுங்கள்; எல்லோரும் மண்ணின் நிறங்களில் வர வேண்டும் என்றால் மண்ணின் நிறம், கதாபாத்திர வேடமிட்டு வர வேண்டும் என்றால் வேடம். பாதிப் பேர் மட்டும் கேட்டபடி வந்தால், கேட்டபடி வந்தவர்கள்தான் கூச்சப்பட நேரும்.

மற்றபடி, தேர்ந்தெடுத்த உடையை அணிந்துகொண்டு வீட்டிலேயே ஒருமுறை தரையில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். இறுக்கமானதும் தரையில் இழுபடுவதும் அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். தரையைக் கூட்டும் விளிம்புள்ள உடையில், பனி படிந்த புல்லில் கால்மணி நேரத்தில் முழங்கால் வரை ஈரம் ஏறிவிடும். வெயிலுக்குப் பருத்தி அல்லது லினன், மாலைக்கு ஒரு சால்வையோ மெல்லிய மேலங்கியோ, காற்றுக்குச் சில ஊக்குகள் இருந்தால் போதும். கூரான குதிகால் செருப்பு புல்லிலும் மணலிலும் ஆணி இறங்குவதுபோல் இறங்கிவிடும். பட்டையான அடியுள்ளதும் ஏற்கெனவே அணிந்து பழகியதுமான காலணியே ஏற்றது. காட்டுப்பகுதியில் உண்ணி இருக்கக்கூடும் என்றால் காலை மூடும் உடை அணிந்து, வீடு திரும்பியதும் கணுக்கால், முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடி ஆகிய இடங்களைப் பார்த்துவிடுங்கள். தேனீக் கொட்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தம் ஊசி மருந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அது எந்தப் பையில் இருக்கிறது என்று பக்கத்தில் உட்காருகிறவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

ஒரு சிறு பையில் தண்ணீர், கைக்குட்டை, மருந்து, பிளாஸ்திரி, டார்ச், பவர் பேங்க் ஆகியவை அடங்கிவிடும். பரிசுப் பொருளை மட்டும் அங்கே தூக்கிச் செல்லாதீர்கள். விழா முடிந்து களைத்துப்போனவர்கள் இருட்டில் அதையெல்லாம் வண்டி வரை சுமக்க நேரிடும். பிறகு அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பேசச் சொன்னால்

நெருங்கிய நண்பர் என்றால் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள்; சில திருமணங்களில் நிகழ்வை நடத்தித் தரும் பொறுப்பையே நண்பரிடம் ஒப்படைக்கிறார்கள். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தந்து பேசுகிறவருக்குத் துணை செய்கின்றன. வெளியில் அந்தத் துணை இல்லை. தொலைவு இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். ஆகவே மைக் இருந்தால் ‘எனக்குத் தேவையில்லை, சத்தமாகப் பேசுவேன்’ என்று மறுக்காமல் வாங்கி, வாய்க்கு மிக அருகில் பிடித்து, காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். மைக் இல்லையென்றால் பின்வரிசையில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசுங்கள்.

உரையைக் கைபேசியில் பார்த்து வாசிக்கலாம் என்று எண்ண வேண்டாம். நேர் வெயிலில் திரை கறுத்துத் தெரியும், சூடேறினால் கைபேசி தானாக அணைந்துவிடுவதும் உண்டு. மெல்லிய தாளும் ஆகாது. ஒரு திருமணத்தில், மணப்பெண்ணின் பள்ளித்தோழி நான்காக மடித்த தாளைப் பிரித்தபோது, காற்று அதை அவள் முகத்தோடு ஒட்டியது. அவள் ஒரு கையால் தாளையும் மறு கையால் கூந்தலையும் பிடித்துக்கொண்டதில், மைக்கைப் பிடிக்கக் கை இல்லாமல் போனது. தடித்த அட்டைகளில் பெரிய எழுத்தில் எழுதி, எண் போட்டு, ஒரு மூலையில் துளையிட்டுக் கோத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இராது. மூன்று நிமிடம் போதும். நின்றுகொண்டோ வெயிலில் உட்கார்ந்துகொண்டோ கேட்கிறவர்களுக்கு நான்காவது நிமிடம் மிக நீளமானது.

நிகழ்வு நடக்கும்போது

எப்போது எழ வேண்டும், எப்போது கை தட்ட வேண்டும் என்று பழக்கமான நிகழ்வுகளில் நமக்குத் தானாகத் தெரியும். இங்கே அது தெரியாது என்பதால், நெருங்கிய நண்பர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் மற்றவர்கள் செய்வார்கள். வட்டமாக நிற்கச் சொன்னால் முதலில் எழுந்து நிற்பதும், சேர்ந்து ஒரு வரி சொல்லச் சொன்னால் முணுமுணுக்காமல் குரல் கொடுத்துச் சொல்வதும் உங்கள் வேலை. நடுவே எல்லோரும் பேசாமல் இருக்கும் இடைவெளிகள் வரும், அவை பெரும்பாலும் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. அவற்றைக் கைதட்டலாலோ கிசுகிசுப்பாலோ நிரப்ப வேண்டாம்.

இத்தகைய திருமணங்கள் சிலவற்றில், மணமக்கள் அணியப்போகும் மோதிரங்களை ஒரு சிறு துணிப்பையில் கட்டி, முதல் வரிசையிலிருந்து கைமாற்றிக் கைமாற்றி எல்லோரிடமும் அனுப்புகிறார்கள். பை உங்களிடம் வரும்போது அதில் முன்னவர்களின் கைச்சூடு இருக்கும். நூல் முடிச்சுக்குள் இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று உரசுவது விரலுக்குத் தெரியும். அதை இரு கைகளாலும் வாங்கி, மனத்துக்குள் ஒரு வாழ்த்துச் சொல்லி, அடுத்தவரின் உள்ளங்கையில் வைத்துவிடுங்கள். முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதும் படம் எடுப்பதும் கூடாது. ஒருவருக்குப் பத்து விநாடி என்றாலே 60 பேரைச் சுற்றி வர 10 நிமிடம் ஆகும். புல்லில் விழுந்தால் தேடி எடுப்பது எவ்வளவு கடினம் என்பதால், குழந்தைகள் கையில் கொடுக்கும்போது உங்கள் கையையும் அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கலாமா என்பதில் அவர்கள் சொன்னதே முடிவு. எதுவும் சொல்லவில்லை என்றால், உறுதிமொழி சொல்லும் நேரத்திலாவது கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். நடைபாதையில் நீட்டிய ஒரு கை, படமெடுப்பவர் அன்று எடுக்க வேண்டிய முக்கியமான படத்தைக் கெடுத்துவிடும். மணமக்கள் தாங்களே வெளியிடும் முன் நீங்கள் எதையும் சமூக ஊடகங்களில் போடாதீர்கள். டிரோன் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அதன் இரைச்சலில் ஒருவர் சொல்வதும் கேட்காது, பறவைகளும் கலைந்துவிடும், பல இடங்களில் அதற்குத் தனி அனுமதியும் வேண்டும்.

நண்பரின் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. தம் பிள்ளையின் திருமணத்தில் தமக்கு என்ன வேலை என்று தெரியாமல், எங்கே நிற்பது என்றும் புரியாமல், அவர்கள் புல்வெளியின் ஓரத்தில் தனியே நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். நாற்காலியின் கால் மண்ணில் புதைந்து சாய்வதால் உட்காரவும் அஞ்சுவார்கள். கெட்டியான தரை பார்த்து நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, அடுத்து என்ன நடக்கும் என்பதை மெல்லச் சொல்லி, பக்கத்திலேயே இருங்கள். பிள்ளையின் முடிவை நியாயப்படுத்தி அவர்களிடம் வாதாட வேண்டாம், அவர்களோடு சேர்ந்து குறை சொல்லவும் வேண்டாம். நண்பரின் சிறு வயதுக் கதை ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மணமக்களால் அன்று செய்ய இயலாத, ஆனால் அவர்கள் மனத்தை மிகவும் உறுத்திக்கொண்டிருக்கும் வேலை இதுதான். இதை நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு வேறு எந்தப் பரிசும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

கிளம்பும் நேரம்

வெப்பமண்டலப் பகுதிகளில் சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். வண்டியை வரும்போதே வெளியேறும் திசைக்குத் திருப்பி, ஈரமில்லாத தரையில் நிறுத்தி வைத்தால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை. மது அருந்துகிறவர்கள் யார் வண்டியில் திரும்புவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். தெருவிளக்கு இல்லாத மண்பாதையில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பலூனையும் வானில் விடும் காகித விளக்கையும் மினுமினுப்புத் தூளையும் கொண்டுபோக வேண்டாம். காகித விளக்கு எங்கே இறங்கும் என்பது விடுகிறவருக்குத் தெரியாது. காய்ந்த புல்லில் இறங்கினால் தீப்பற்றும். விழா முடிந்ததும் உங்கள் இருக்கையைச் சுற்றியுள்ள குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வதோடு, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒருமுறை அந்த இடத்தைச் சுற்றி வாருங்கள். ஊக்கு, தண்ணீர்ப் புட்டியின் மூடி, பிளாஸ்டிக் நாடா ஆகியவை புல்லுக்குள் மறைந்துகொள்ளும், மறுநாள் மேய வரும் கால்நடையின் வயிற்றுக்குள்ளும் போகும். பொதுவாக இடத்துக்கான முன்பணம் மணமக்களுக்குத் திரும்பக் கிடைப்பதும் அந்த இடம் எப்படி விடப்பட்டது என்பதைப் பொறுத்ததுதான்.

ஓரிரு நாள் கழித்து, நீங்கள் எடுத்த படங்களைச் சுருக்காமல் முழு அளவில் அவர்களுக்கு அனுப்புங்கள். கூடவே, அவர்கள் பார்த்திருக்க முடியாத ஒன்றை எழுதி அனுப்புங்கள்: உறுதிமொழி சொல்லும்போது பின்வரிசையில் யார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், மோதிரப் பையைத் தாத்தா எப்படி வாங்கினார், மழை தூறத் தொடங்கியபோது யார் யாருக்குக் குடை பிடித்தார்கள் என்பது போல. வாழ்த்துச் சொல்லை ஏற்கெனவே பலர் அனுப்பியிருப்பார்கள். இந்தக் குறிப்பை அங்கே இருந்த ஒருவரால் மட்டுமே எழுத முடியும்.